ஒரே அரங்கில் இரண்டு மேசைகள்: ஏற்காட்டில் போடப்பட்ட இரு கையெழுத்துகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

என் முன்னால் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, கணவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. மற்றது, அதே நாளில் அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, மனைவி சொல்ல நான் எழுதியது. ஏற்காட்டில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கி, ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் பணம் போடுவதற்காக, நாலரை லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கீழே இறங்கியவர்கள் அவர்கள். எந்த இடத்தில், யார் சொன்னதன் பேரில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று இருவரிடமும் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்டேன். "அவ அப்பவே போட்டுட்டான்னு சொன்னாங்கண்ணா" என்றார் கணவர். "அவரு போட்டுட்டாருன்னு சொன்னாங்க, அதுக்கு மேல நான் என்ன பேசறதுண்ணா" என்றார் மனைவி. இருவரில் யாரோ ஒருவர் முதலில் போட்டிருக்க வேண்டும்; அந்த ஒருவரிடம் சொல்லப்பட்டது பொய். அந்தப் பணத்தை நகர்த்தியது இந்த ஒரு சொல்தான் என்பதும், அது பலிக்கும்படியாகவே அந்த இரண்டு நாட்களும் அமைக்கப்பட்டிருந்தன என்பதும், இருவரின் கூற்றையும் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்தபின் நான் வந்திருக்கும் முடிவு.

நான் சேலத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராகவும் பிறகு செயலாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவன். அந்தத் தம்பதி எங்கள் சங்கத்தின் பழைய உறுப்பினர்கள். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்களையும், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். புகார் விசாரணையில் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரையும் விடுதியின் பெயரையும் எழுதவில்லை.

கொலுசுத் தொழிலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அப்போதுதான் விளங்கும். பட்டறைக்காரர் வியாபாரியிடமிருந்து வெள்ளிக் கட்டியை எடை போட்டு வாங்குகிறார். உருக்கி, கம்பி இழுத்து, பின்னி, பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகேற்றி, மறுபடியும் எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். கூலியும் சேதாரமும் அந்த இரண்டு எடைகளுக்கு நடுவேதான் இருக்கின்றன. ஆகவே தராசு வைக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்து எண்ணைப் பார்ப்பார்கள். பார்த்ததை வாய்விட்டுச் சொல்வார்கள். மனைவி நோட்டில் எழுதுவார். இந்த வீட்டில் 19 ஆண்டுகளாக ஒரு கிராம்கூட ஒருவர் மட்டும் பார்த்து உள்ளே வந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் நான்கு பக்க ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். ஆசைப்பட்டார், ஏமாந்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவரை 20 ஆண்டுகளாக அறிந்தவன் என்ற முறையில் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

அழைப்பு வந்தது தீபாவளிப் பட்டுவாடா முடிந்த மறுவாரம். பட்டறையில் வேலை குறைந்து, கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும் காலம் அது. அழைத்தவர் மனைவியின் பள்ளித் தோழி. "இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க, ஒரு தடவை ரெண்டு பேரும் மலைக்கு வாங்க, ஒரு பைசா கிடையாது, கேட்டுட்டுப் போங்க" என்று மூன்று முறை பேசியிருக்கிறார். திட்டம் என்னவென்று கேட்டதற்கு, அதைத் தொலைபேசியில் சொன்னால் தவறாகப் புரியும் என்று பதில் வந்தது. சனிக்கிழமை காலை புதிய பேருந்து நிலையம் அருகிலிருந்து வேன்களில் ஏற்றிச் சென்றார்கள். சொந்தமாக ஸ்கூட்டரில் வருகிறோம் என்று கணவர் சொன்னபோது, 20 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலம், பனி மூட்டம், வேண்டாம் என்று அக்கறையாகவே மறுத்திருக்கிறார்கள். விடுதி ஏற்காட்டு ஊருக்கு வெளியே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான். ஆனாலும் சொந்த வண்டி இல்லாமல், சாலையில் பேருந்தும் இல்லாமல், சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடியும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்பவருக்கு, 'எனக்குப் பிடிக்கவில்லை, நான் கிளம்புகிறேன்' என்று சொல்வது தானாக எழுந்து செய்யக்கூடிய செயலாக இல்லாமல், இன்னொருவரிடம் அனுமதி கேட்கும் காரியமாக மாறிவிடுகிறது.

நுழைவாயிலில் செல்பேசிகளை வாங்கிக்கொண்டார்கள். கோயிலில் செருப்புக்குக் கொடுப்பதுபோல எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கன். செல்பேசி ஒரு துணிப்பைக்குள். "மனசு இங்க இருக்கணும் இல்லையா" என்று காரணம் சொல்லப்பட்டது. யாரும் மறுக்கவில்லை, தியான முகாம்களிலும் சில கோயில்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மனைவிக்குத் தோன்றியது. கணவரின் டோக்கன் எண் 43. அந்த எண்ணை அவர் இன்னும் மறக்கவில்லை, ஏனென்றால் இரண்டு நாளும் அதைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரவு பதினொன்றரை வரை பேச்சு; காலை 5 மணிக்கு எழுப்பி உடற்பயிற்சி, பிறகு மீண்டும் பேச்சு. சன்னல்களில் திரை. அரங்கில் கடிகாரம் இல்லை.

வெளியுலகச் செய்தி துண்டிக்கப்பட்ட மனம் என்னவாகும் என்பதை 1950களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் குழுவினர் ஆராய்ந்தார்கள். மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கொடுத்து, கண்ணுக்கு மங்கலான கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டி, சிறு அறையில் படுக்கவைத்தார்கள். சும்மா படுத்திருக்கப் பணம் கிடைத்தும், பெரும்பாலோரால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. பேய், ஆவி போன்றவற்றை ஆதரிக்கும் ஒலிப்பதிவுகளை அவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, வழக்கமான சூழலில் கேட்டவர்களைவிட அவர்கள் அதை அதிகமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அதில் நமக்குத் தொடர்புடைய செய்தி. ஏற்காட்டு அரங்கு அந்த அறை அல்ல. அங்கே சோறும் பேச்சும் பாட்டும் தாராளமாக இருந்தன. ஆனால் வருகிற பேச்செல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தது. எதிர்ப்பேச்சு கேட்காத இடத்தில் முதல் நாள் ஐயம் இரண்டாம் நாள் கூச்சமாகிவிடுகிறது என்பதைக் கணவர் தம் வார்த்தையில் இப்படிச் சொன்னார்: "மொத நாள் எனக்கு நிறைய கேள்வி இருந்துச்சுண்ணா. மறுநாள் அதையெல்லாம் கேக்கறதுக்கு எனக்கே வெக்கமா இருந்துச்சு."

இனி மேசைகளுக்கு வருகிறேன். இந்த நிகழ்வின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

வந்திருந்தவர்களைக் காப்பி அணி, மிளகு அணி என்று இரண்டாகப் பிரித்தார்கள். கணவர் காப்பி, மனைவி மிளகு. அரங்கின் இரு கோடிகளில் வட்டமேசைகள், இடையில் மேடை. "தம்பதியா சேர்ந்து உக்காந்தா ஒருத்தருக்காக ஒருத்தர் யோசிப்பீங்க, இன்னைக்கு ஒவ்வொருத்தரும் தனக்காக யோசிக்கணும்" என்று விளக்கம் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சாப்பாடும் அணிவாரியாக வெவ்வேறு நேரத்தில். இரவு தங்கியது ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். ஆகச் சனிக்கிழமை காலை வேனிலிருந்து இறங்கியது முதல் ஞாயிறு மாலை வரை, கணவனும் மனைவியும் நாலு வார்த்தை பேசியது ஒரே ஒரு முறை, கை கழுவும் இடத்தில். "சாப்பிட்டியா" என்று அவர் கேட்டிருக்கிறார், "ம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் மிளகு அணியின் பெண் ஒருத்தி வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒவ்வொரு மேசையிலும் ஏழு பேர். கணவரின் மேசையில் நால்வர் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் என்பது அவருக்கு அப்போது தெரியாது. 'நாங்களும் முதன்முறையாக வந்திருக்கிறோம்' என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பிறகு வாட்ஸாப் குழுவில் வந்த பழைய முகாமின் வீடியோ ஒன்றில், தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓமலூர்க்காரர் மாலை போட்டுக்கொண்டு மேடையில் நிற்பதை அவர் பார்த்திருக்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு எது என்று கேட்பார்கள். பார்த்தாலே விடை தெரியும். ஆனால் சோதனைக்கு உள்ளாகும் மாணவரைத் தவிர அறையில் இருக்கும் அனைவரும் சோதனையாளரின் ஆட்கள். பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். மற்றவர்கள் தவறு சொன்ன சுற்றுகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தால், மாணவர்கள் சுமார் 37 சதவீதம் முறை தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போனார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நம் நிகழ்வுக்குத் தேவையானது அதன் மறுபாதி. அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்ல வைத்தபோது, தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. பெருங்கூட்டத்தை எதிர்க்க இன்னொரு பெருங்கூட்டம் வேண்டியதில்லை. ஒரு துணை போதும்.

ஆஷ் அதற்கும் மேலே போனார். அந்தத் துணை பாதியில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி அறையை விட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்று பார்த்தார். மாணவரின் தவறுகள் கொஞ்சம் கூடின, ஆனால் துணை இருந்ததன் தைரியம் முற்றிலும் போய்விடவில்லை. அதே துணை பாதியில் கூட்டத்தின் பக்கம் சாய்ந்து, அவர்களோடு சேர்ந்து தவறான விடையைச் சொல்லத் தொடங்கியபோதோ, தவறுகள் திடீரென ஏறின. பிரிந்து போன துணையைவிடக் கட்சி மாறிய துணை மனிதனைக் கூடுதலாக உடைக்கிறது. இந்த வேறுபாட்டைப் படித்தபோதுதான் என் முன்னாலிருந்த இரண்டு தாள்களும் எனக்கு முழுமையாகப் புரிந்தன. மனைவியைத் தொலைவில் உட்காரவைத்தது மட்டும் கணவருக்குப் போதுமானதாக இருக்கவில்லை. ஞாயிறு மதியம் வரை அவர் 'வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 'வீட்டில்' என்றால் மனைவியோடு. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நிற்க அவருக்கு இடம் இருந்தது. மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொன்ன நொடியில் அந்த இடம் இல்லாமல் போனது.

அந்த நொடியை மனைவியின் பக்கத்திலிருந்தும் எழுதுகிறேன், அவர் அதை மிகத் தெளிவாகச் சொன்னார். மணி நாலு இருக்கலாம். மேசையில் ஆளுக்கொரு நீல அட்டைக் கோப்பு. அதன்மேல் ஒரு பேனா, கூடவே ஒரு எலுமிச்சைப் பழம். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடும்போது அரங்கில் மணி அடித்து எல்லாரும் கைதட்டுகிறார்கள். மணி அடிக்கும் ஓசை காப்பி அணிப் பக்கத்திலிருந்து வருகிறது. யாருக்காக அடிக்கிறார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லை, இடையில் மேடையும் ஆட்களும். அவர் எழுந்து எட்டிப் பார்த்திருக்கிறார். தோழி தோளில் கை வைத்து, "உங்க வீட்டுக்காரருக்குத்தான் அடிக்கறாங்க, அவரு உன்னைப் பாக்கறாரு பாரு, நீ லேட் பண்ணாதே" என்றாள். கூட்டத்தில் கணவரின் முகம் தெரியவில்லை. சட்டையின் நிறம் மட்டும் ஒரு கணம் தெரிந்ததுபோல இருந்தது. உட்கார்ந்து போட்டுவிட்டார். உடனே செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்பணம் 50,000 ரூபாயை யூபிஐ மூலம் அனுப்பும்வரை ஒருவர் பக்கத்திலேயே நின்றார். அனுப்பியதும் செல்பேசி மறுபடியும் துணிப்பைக்குள் போனது. மீதி 4 லட்சத்துக்குத் திங்கட்கிழமை 12 பவுன் அடகுக் கடைக்குப் போனது.

தனிமை என்றாலே தீது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். விரதம் இருப்பவர் விலகி இருக்கிறார். பிள்ளையை ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் தெரிந்தேதான் பிரிந்து இருக்கிறார்கள். மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917இலிருந்து அந்த மலையில் இருக்கிறது. தியானத்துக்குப் போகிறவர் செல்பேசியை மனமுவந்து கொடுக்கிறார். அங்கெல்லாம் விலகி இருந்து திரும்பி வந்த பிறகுதான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இங்கே விலக்கி வைத்திருக்கும்போதே, விலக்கி வைத்தவரே, பணத்துக்கான முடிவைக் கேட்டார். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் தருகிறேன் என்றதற்கு, "மலையை விட்டு இறங்கினா இந்த விலை கிடையாது" என்பது பதிலாக வந்தது. இறங்குவது என்றால், எளிமையாகச் சொன்னால், அடிவாரத்துக்கு வருவது, கோரிமேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போய் மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்பது. அதற்குத்தான் விலை வைத்தார்கள்.

மலையிலிருந்து இறங்கியபின் இது கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை, அதைவிடக் கெட்டியானது. இரண்டாம் கட்டத் தனிமை வீட்டுக்குள்ளேயே நடந்தது. வேனில் ஏறுமுன் எல்லாரையும் நிறுத்தி, ஒரு மண்டலம், 48 நாட்கள், இதைப்பற்றி உற்றார் உறவினர் யாரிடமும் பேசுவதில்லை என்று கையை நீட்டிச் சத்தியம் வாங்கினார்கள். கணவர் ஆண்டுதோறும் மாலை போடுபவர். மண்டலம் என்ற சொல் அவருக்கு வெறும் கணக்கு அல்ல. இன்னும் நிறைவேறாத காரியத்தை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பதும் நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் எண்ணம். பெண் பார்த்து நிச்சயமாகும்வரை, வீட்டு மனை கிரயம் ஆகும்வரை, நாமே அடக்கித்தான் பேசுகிறோம். புதிதாக ஒரு கட்டளையைத் திணித்திருந்தால் ஐயம் வந்திருக்கும். ஏற்கெனவே மனத்தில் இருந்த வழக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததால் வரவில்லை. இந்த ஒன்றில் அமைப்பாளர்களின் திறமை என்னை அச்சுறுத்துகிறது.

வாட்ஸாப் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். தினமும் காலையில் யாரோ ஒருவரின் வெற்றிக்கதை வரும்; கேள்வி கேட்க வழி இல்லை. ஐயப்படும் உறவினர்களுக்கு அங்கே 'நெகட்டிவ் ஆட்கள்' என்று பெயர். அம்மாபேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மனைவியின் அண்ணன், இந்த வீட்டில் எந்தப் பெரிய செலவுக்கும் முதலில் கலந்து பேசப்படுபவர், அந்தச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டார். அவர் ஏதும் சொல்லுமுன்னரே அவர் சொல்லப்போவதற்கு ஒரு பெயர் வைத்து ஒதுக்கியாயிற்று.

கொரியப் போரில் சீனர்களிடம் சிறைப்பட்ட அமெரிக்க வீரர்களை, 1953இல் அவர்கள் விடுதலையானபோது சந்தித்து ஆராய்ந்தவர்களில் எட்கர் ஷைன் ஒருவர். முகாம்களில் அதிகாரிகளையும் சாதாரண வீரர்களையும் பிரித்து வைத்தார்கள், இயல்பாகத் தலைமை ஏற்கக்கூடியவர்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள், ஒருவர் மேல் ஒருவர் உளவு சொல்ல வைத்து நம்பிக்கையைக் கெடுத்தார்கள் என்று அவர் பதிவுசெய்தார். வீட்டிலிருந்து வந்த கடிதங்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்கள் என்பதும் அதில் உண்டு: ஆறுதல் தரும் கடிதம் நிற்கும், துயரச் செய்தி மட்டும் வந்து சேரும். இவ்வளவு செய்தும் ஊர் திரும்ப மறுத்த அமெரிக்கர்கள் 21 பேர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோரிடம் மனமாற்றம் என்று சொல்லத்தக்கது நிலைக்கவில்லை. தனிமைப்படுத்தல் மனிதனின் நம்பிக்கையை நிரந்தரமாக மாற்றுவது அரிது. அது இருக்கும்வரை இணங்க வைக்கும், அவ்வளவுதான். போர் முகாமுக்கு ஆண்டுக்கணக்கில் இணக்கம் தேவைப்பட்டது. ஒரு கையெழுத்துக்கும் ஒரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் ஒரு பின்மதியம் போதும். வணிகத்தில் இந்த உத்தி இவ்வளவு லாபகரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று எண்ணுகிறேன்.

இங்கே நான் செய்த ஒன்றையும் எழுத வேண்டும். சங்கத்தில் தவணை தவறிய கடன்களை மார்ச் மாதத்துக்குள் வசூலிக்க வேண்டிய நெருக்கடியில், ஜாமீன்தாரர்களை ஒருவர் ஒருவராக அறைக்குள் அழைப்போம். கடன் வாங்கியவரையும் மற்ற ஜாமீன்தாரரையும் சேர்த்து உட்காரவைத்தால் மூவரும் சேர்ந்து தவணை கேட்பார்கள் என்பது அனுபவத்தில் தெரிந்தது. தனியாக அழைத்து, 'அந்த ஜாமீன்தாரர் பாதி கட்ட ஒத்துக்கொண்டார், நீங்கள்தான் பாக்கி' என்று நானே சொல்லியிருக்கிறேன். அது உண்மையாக இல்லாத நாட்களிலும் சொல்லியிருக்கிறேன். யாரும் எனக்கு அதைக் கற்றுத் தரவில்லை. அதற்கு ஒரு பெயர் வைக்கவும் இல்லை. ஒரு நெசவாளி கையிலிருந்த ரூபாயை எண்ணிக் கட்டிவிட்டு, வெளியே வந்து மற்றவரைப் பார்த்து, "நீயும் கட்டிட்டியாமே" என்று கேட்டதும், அவர் விழித்ததும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. அந்த விழிப்பைத்தான் இந்தத் தம்பதியின் முகத்தில் மறுபடியும் பார்த்தேன். இதை எழுதத் தொடங்கியதே அதனால்தான்.

அந்தத் தம்பதிக்கு இடையிலிருந்த மௌனம் உடைந்த விதத்தைச் சொல்கிறேன். பட்டறையில் 16 ஆண்டுகளாகப் பற்றவைக்கும் வேலை செய்யும் ஒரு பெண், பதினோராம் நாள், "என்னக்கா, இன்னும் கட்டி வாங்கலையா" என்று கேட்டிருக்கிறார். கட்டி வாங்க முடியாததற்குக் காரணம், சுழலும் பணம் மலைக்குப் போய்விட்டது என்பது. அந்தப் பெண்ணிடம் மனைவி எந்தக் கணக்கையும் மறைத்ததில்லை. சத்தியம் நினைவுக்கு வந்து பதில் சொல்ல முடியாமல் எழுந்து உள்ளே போனார். அன்று இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, கணவரிடம் கேட்டார்: "என்னை ஒரு வார்த்தை கேக்காம நீங்க ஏன் முன்னாடி போட்டீங்க?" அவர், "நீ போட்டதுக்கு அப்புறம்தானே நான் போட்டேன்" என்றார்.

பதினோரு நாட்கள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து உண்டு, இந்தக் கேள்வியை ஒருவர் மற்றவரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இருவரிடமும் விசாரித்தேன். மனைவி முடிவெடுத்துவிட்டாள், அதைக் கிளறினால் அவளைக் குறை சொல்வதுபோல ஆகும் என்று அவர் இருந்திருக்கிறார். கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார், அதைப் பேசினால் அவர் மனம் நோகும் என்று இவர் இருந்திருக்கிறார். அவர்களுக்குள் இருந்த மரியாதையே இடையில் சுவராக நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் மதிக்காத, எதற்கெடுத்தாலும் சண்டை போடும் தம்பதியாக இருந்திருந்தால் வேனிலேயே விஷயம் வெளிவந்திருக்கும்.

தனிமைப்படுத்த மலை தேவையில்லை என்பதற்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரில் நாடு முழுவதும் நடக்கும் மோசடி இன்றைய சான்று. காவல்துறை, சுங்கத்துறை, சிபிஐ என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது என்று மணிக்கணக்கில், சில நேரம் நாட்கணக்கில் பிடித்து வைக்கிறார்கள்; அடுத்த அறையில் மகனும் மருமகளும் இருக்கும்போதே இது நடக்கிறது. அப்படி ஒரு கைதுமுறை நம் சட்டத்தில் கிடையாது; 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதைக் குறித்து எச்சரித்தார். இத்தகைய அழைப்பில் பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

என் முடிவுக்கு எதிராக ஒரு நண்பர் வைத்த வாதத்தையும் மறைக்கக் கூடாது. கொங்கு நாட்டில் ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் சரிந்தபோது ஏமாந்தவர்களை யாரும் பிரித்து வைக்கவில்லையே, ஊரே கூடிப் பேசித்தானே பணம் போட்டது என்று அவர் கேட்டார். உண்மைதான். கலந்து பேசுவது தானாகவே காப்பாற்றிவிடாது. கலந்து பேசும் அத்தனை பேரும் அதே திட்டத்தில் பணம் போட்டிருந்தால் அங்கே துணை என்று ஒருவர் இல்லை, மேசை மட்டும் பெரிதாகியிருக்கிறது. ஆஷின் அறையில் உதவியது எண்ணிக்கை அல்ல, வேறு விடை சொன்ன ஒருவர். ஆகவே நான் இப்போது யாரேனும் இத்தகைய ஒப்பந்தத்தோடு வந்தால், இதில் சேராத யாரிடம் காட்டினீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாகச் சொன்னால், ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் காட்டும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடு முறைத் திட்டத்தில் ஆள் சேர்க்கக் கூடாது என்கின்றன. வைப்புத்தொகை வாங்கி ஏமாற்றும் நிறுவனங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் கணவனையும் மனைவியையும் தனி மேசைகளில் உட்காரவைப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. புகார் மனுவில் அந்த மேசைகளைப் பற்றி எழுதியபோது, இது எதற்கு என்று மனுவை வாங்கிய அதிகாரி கேட்டார். இருவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்த கூற்றுகளை அருகருகே வைத்துக் காட்டினேன். படித்துவிட்டு அவற்றையும் இணைத்துக்கொண்டார்.

பணத்தில் இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை. அடகு வட்டி மாதந்தோறும் ஏறுகிறது. அம்மாபேட்டை அண்ணன் இரண்டு மாத வட்டியைக் கட்டியிருக்கிறார். கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே அவரிடம் போனார்கள். அவர், "இத்தனை நாள் என்கிட்ட வராம எப்படித்தான் இருந்தீங்க" என்று மட்டும் கேட்டாராம். கட்டி வாங்க ஒரு வியாபாரி பழைய நம்பிக்கையில் முன்வந்ததால் பட்டறை ஓடுகிறது.

மனு கொடுத்த நான்காம் நாள், கணவரின் செல்பேசிக்கு அமைப்பாளர்களில் ஒருவர் அழைத்தார். அப்போது பட்டறையில் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்; நானும் அங்கே இருந்தேன். கணவர் ஸ்பீக்கரைப் போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். "அண்ணா, ஏதோ கோபத்துல போயிட்டீங்க, பணமெல்லாம் பேசிக்கலாம்" என்று தொடங்கிய குரல், சற்று நிறுத்தி, "அண்ணி பக்கத்துல இருக்காங்களா? நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய வாங்களேன்" என்றது. மனைவி நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "இருக்கேன், சொல்லுங்க" என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. தேதியும் நேரமும் எழுதி, நாங்கள் மூவரும் கையெழுத்திட்டு, அதையும் மனுவோடு சேர்த்துவிட்டோம்.